தலவிலைக்குப் போக எடுத்துவைத்தவை

போர் முடிந்த கையோடு கொழும்பில் கப்பல் கம்பனிகளின் கண்ணாடி யன்னல்களில் வண்ணப் படங்கள் திரும்பவும் தொங்கத் தொடங்கிவிட்டன. வெள்ளைக் கப்பல், நீலக் கடல், சாய்வுக் கதிரையில் கால் நீட்டிக் கிடக்கும் ஒரு துரைசானி. சாம்பல் நிறக் கப்பல்களையே பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு அந்த வெள்ளை கூசியது. போன மாதம் அப்படி ஒரு யன்னலுக்கு முன்னால் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தபோது, கல்லூரியில் என்னோடு படித்த ஒருவன் பின்னாலிருந்து தோளில் தட்டினான். கல்யாணம் முடித்திருக்கிறானாம். மனைவியோடு சிங்கப்பூர்வரை கப்பலில் போய் வரப் போகிறானாம். வகுப்பிலேயே கப்பல் பைத்தியம் பிடித்தவன் நான்தான் என்பதால், என்ன கொண்டு போவது, எந்த அறையைக் கேட்பது, தலை சுற்றாமல் இருக்க என்ன செய்வது என்றெல்லாம் என்னிடமே கேட்டான்.

கேட்கவேண்டியதுதான் தாமதம், நடைபாதையில் நின்றபடியே கொட்டித் தீர்த்துவிட்டேன். அறை கப்பலின் நடுப்பகுதியில் இருக்கட்டும். கப்பல் ஆடும்போது முனையும் பின்புறமும்தான் ஏறி இறங்கும், நடு அவ்வளவாக அசையாது. பெரிய பெட்டி அடியறைக்குப் போய்விடும், இறங்கும்வரை கண்ணில் படாது. ஆகவே வழியில் வேண்டியதையெல்லாம் நீயே தூக்கக்கூடிய சின்னப் பெட்டியில் வை. முதல் நாள் இனிப்பும் கொழுப்பும் தொடாதே. அதற்காக வெறும் வயிற்றோடும் கிடக்காதே, காய்ந்த பாண் துண்டு போதும். வாய்க்குப் புளிப்பாகத் தேசிக்காய் கொண்டு போ. குமட்டினால் அறைக்குள் போய்ச் சுருண்டு படுக்காதே. மேல்தட்டுக்கு வந்து கடலும் வானமும் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டிரு. அறையைக் கவனிக்கும் பணியாளிடம் முதல் நாளே நாலு வார்த்தை கதைத்து வை. கடைசி நாளில் சிரிப்பதில் பிரயோசனம் இல்லை. துறைமுகங்களில் இறங்கினால் கப்பல் ஊதும் முன்னரே திரும்பிவிடு. கப்பல் யாருக்காகவும் நிற்காது.

கப்பலில் எங்கெங்கே போயிருக்கிறாய் என்று அவன் ஆச்சரியத்தோடு கேட்டான். எங்கேயும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே பிரிந்தோம்.

புத்தளம் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனையையும் சொன்ன நான், எல்லாவற்றுக்கும் முதலாவதாகச் சொல்லவேண்டியதைச் சொல்லவே இல்லை. அந்த ஒன்றை என் வாய் தானாகவே தாண்டிப் போயிருந்தது.

இந்த விஷயங்களெல்லாம் எனக்கு என் அத்தான் சொன்னவை. அக்காவின் கணவர். கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மீனும் வேண்டாம் வலையும் வேண்டாம் என்று கொழும்புக்கு ஓடி, ஒரு பிரயாணிகள் கப்பலின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டுப் பரிமாறுகிறவராக ஆனவர். ஒரு சுற்று முடிந்து ஊருக்கு வந்தால் எங்கள் முற்றத்தில்தான் கச்சேரி. துரைமார் எதைத் தின்று எப்படி வாந்தி எடுத்தார்கள் என்பதை நடித்தே காட்டுவார். நான் அவரைத் தூங்க விடமாட்டேன். உல்லாசப் பயணம் என்பதற்காகவே மனிதர்கள் கப்பல் ஏறுகிறார்கள், போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாமல் போய்ச் சுற்றிவிட்டு வருகிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் முதலில் கேள்விப்பட்டேன். அது என் தலையில் ஏறிவிட்டது.

அவர் ஆலோசனைகளில் முதலாவது இதுதான். கப்பலில் கால் வைத்ததும் கட்டிலைத் தேடாதே, தண்ணீரில் விழுந்தால் உன்னை மிதக்க வைக்கும் தக்கைச் சட்டையைத் தேடு. கட்டிலுக்கு மேலேயோ கீழேயோ வைத்திருப்பார்கள். எடுத்துப் போட்டுப் பார். கயிறுகளை நீயே கட்டு, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கட்டு. அதைச் செய்யாதவன் கப்பலில் ஏறவில்லை, சரக்காக ஏற்றப்பட்டிருக்கிறான் என்பார். ஒருநாள் தலையணையை நெஞ்சில் வைத்துக் கயிற்றால் கட்டி, எங்கள் எல்லாருக்கும் அந்த முடிச்சைப் பழக்கினார். அக்கா சிரித்துச் சிரித்துப் பிழையாகவே கட்டினாள்.

போர் வந்தது. அத்தானின் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். பிரயாணிகளுக்குப் பதில் பட்டாளத்தை ஏற்றினார்கள். கடைசியாக அவர் வந்து போனபோது மாதா பக்திக்காகக் கழுத்தில் போட்டிருந்த சின்னத் துணி உத்தரியத்தின் நாடா இற்றுப்போயிருந்தது. கப்பலில் கோவாக்காரர் பலர், எல்லாரும் கிறிஸ்தவர்கள், எல்லார் கழுத்திலும் அதே மண்ணிற உத்தரியம். துவைத்துக் காயப்போட்டால் எது யாருடையது என்று தெரிவதில்லையாம். அக்கா புது நாடா வைத்து, துணியின் ஓரத்தைத் தன் கல்யாணக் கூறைக்கென்று வாங்கிய சிவப்புப் பட்டு நூலில் மிச்சமிருந்ததைக் கொண்டு சுற்றித் தைத்துக் கொடுத்தாள். இனி மாறாது என்றாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் போனார். அதன் பின் எந்தச் செய்தியும் இல்லை.

என் கல்லூரிக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. வகுப்புகள் எங்கேயோ மலைநாட்டுக்குப் போயின. நான் கற்பிட்டிக்கு வந்து கைகாலை வைத்துக்கொண்டு இருக்கமுடியாமல் அலைந்தேன். அண்ணாந்தால் ஆகாய விமானம். இரவில் கரையில் வெளிச்சம் காட்டக்கூடாது என்று உத்தரவு. கடைகளில் அரிசி இல்லை. இந்த அழகில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆடியில் புனித அன்னம்மாள் திருநாளுக்கு எப்படியும் தலவிலைக் கோயிலுக்குப் போவோம். மற்றவர்கள் மணலில் வண்டி உருட்டிக்கொண்டு போவார்கள், அல்லது களப்பு என்கிற உப்பங்கழி வழியாக வள்ளத்தில் நேரே தெற்கே போய், கரையில் இறங்கி மறுபக்கக் கடலுக்கு நடப்பார்கள். நாங்கள் ஏன் கப்பல்காரர்கள்போலச் சுற்றிக்கொண்டு போகக்கூடாது? முதலில் வடகிழக்கே கரைத்தீவு, அங்கே ஓர் இரவு தங்கல், பிறகு தீவுகளின் ஓரமாகத் தெற்கே திரும்பி எத்தாளை, அதன் பிறகு தலவிலை.

அம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை. ஊரே சோற்றுக்கு அந்தரப்படும்போது உல்லாசம் என்ன உல்லாசம் என்றாள். ஆனால் அக்கா உடனே சரி என்றாள். அவளுக்கு வழி முக்கியம் இல்லை. அத்தான் திரும்பி வரவேண்டும் என்று அவள் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அவள் சரி என்றதும் அம்மாவும் பேச்சை விட்டுவிட்டாள். அந்த நாட்களில் அக்கா எதைக் கேட்டாலும் யாரும் மறுப்பதில்லை.

வள்ளம் சித்தப்பாவுடையது. அப்பா போன பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தேங்காயும் புகையிலையும் ஏற்றிக் களப்பில் ஓடும் பாய்வள்ளம். உள்ளே குறுக்குப் பலகைகள் மட்டும்தான். முழுநாள் பயணத்துக்கு அவற்றில் இருந்தால் எழும்பமுடியாது. வள்ளப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது, சாப்பாட்டை யோசிக்கும் முன் இருக்கையை யோசியுங்கள். மெத்தை வேண்டும் சித்தப்பா என்றேன். அவர் வாயெல்லாம் பல்லாக, சீமையிலிருந்தே வந்த மெத்தை தன்னிடம் இருக்கிறது என்று தன் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே தேங்காய் மட்டைகளுக்கு அடியில் தக்கைச் சட்டைகள் கிடந்தன.

அதைப் பார்த்து நான் திடுக்கிடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் மேற்குக் கடல் எதையெதையோ கொண்டு வந்து போட்டுக்கொண்டிருந்தது. பலகைகள், துடுப்புகள், வெண்ணெய் டின்கள், பித்தளைக் கைப்பிடியோடு ஒரு முழுக் கதவு. கரையில் ஒதுங்குவது எதுவானாலும் பொலிசில் ஒப்படைக்கவேண்டும் என்று தமுக்கு அடித்திருந்தார்கள். யார் ஒப்படைப்பார்கள்? ஆனால் பொருளில் கப்பலின் பெயர் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் எங்கள் ஆட்கள் கொண்டுவந்ததும் செய்கிற முதல் வேலை, உடைந்த போத்தல் துண்டால் எழுத்தைச் சுரண்டுவது. பின்னேரங்களில் கரையோரமாக நடந்தால் ஒவ்வொரு கொட்டிலுக்குப் பின்னாலும் அந்தச் சத்தம் கேட்கும். கறக், கறக் என்று, எலி மரத்தைக் கொறிப்பதுபோல. யாரும் யாரையும் என்ன சுரண்டுகிறாய் என்று கேட்பதில்லை. சித்தப்பாவும் நன்றாகச் சுரண்டியிருந்தார். எழுத்து இருந்த இடத்தில் துணி வெளுத்துப் பஞ்சுபோல எழும்பி நின்றது.

அம்மாவும் அக்காவும் பழைய சாரங்களைக் கிழித்து அவற்றுக்கு உறை தைத்தார்கள். கடைசிச் சட்டையைத் தைக்க எடுத்தபோது அக்காவின் கை நின்றதைக் கண்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திவிட்டதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தைத்து முடித்தாள்.

புறப்பட்ட காலை நல்ல வெயில். ரொட்டி, சம்பல், சுட்ட கருவாடு, தேசிக்காய், இஞ்சி, பனங்கட்டி, இரண்டு குடம் தண்ணீர், பாய்கள், குடை என்று எல்லாம் நான் சொன்னபடி ஏற்றப்பட்டன. தண்ணீர்க் குடங்களை நிழலில், ஒன்றோடொன்று முட்டாமல், இடையில் கந்தல் துணி வைத்துக் கட்டுவது முக்கியம். அதைவிட முக்கியம், பெண்கள் இறங்கி ஏற எங்கெங்கே மறைவான கரை இருக்கிறது என்று வழியை முதலே கேட்டு வைப்பது. இதை எந்த ஆணும் யோசிப்பதில்லை, அம்மா சொல்லித்தான் நான் யோசித்தேன். துறையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் நானா எங்கள் மெத்தைகளையும் குடையையும் பார்த்துவிட்டு, என்ன தம்பி, சீமைக்கா பயணம், போற வழியில ஹிட்லரைக் கண்டால் எங்கட அரிசி எங்கயெண்டு கேட்டுட்டு வாங்க என்றார். துறையே சிரித்தது. அக்காவும் சிரித்ததாக நினைக்கிறேன்.

கரைத்தீவுவரை காற்று பின்னால் நின்று தள்ளியது. நான் பாய்மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தேன். எதிர்பார்த்த பறவைகள் அன்று இல்லை. களப்பின் வாயருகே நீரில் எண்ணெய் படர்ந்து, வானவில்லைப் பிய்த்துப் போட்டதுபோல மிதந்தது. எங்கள் வள்ளம் அதை வெட்டிக்கொண்டு போக, பின்னால் அது மறுபடி மூடிக்கொண்டது. அப்போது ஒரு விமானம் பாய்மரத்தின் உயரத்துக்கே இறங்கி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மேலே போனது. அம்மா செபமாலையைக் கையில் எடுத்தாள். எல்லாம் பயணத்தின் சுவாரசியம் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

கரைத்தீவில் ஒரு முஸ்லிம் வீட்டில் தங்கினோம். சித்தப்பாவிடம் புகையிலை வாங்குகிற வீடு. சீனி இல்லாத தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார்கள். வெளிச்சத் தடையால் பொழுது சாய்ந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டார்கள். வீட்டுக்காரப் பெண் அக்காவின் கையைப் பிடித்து, மாப்பிள்ள கடல்லயா என்று கேட்டுவிட்டு, ஓம் என்றதும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்துத் தந்தாள். எதற்கென்று தெரியவில்லை, கொடுக்க வேறொன்றும் இல்லாததால் இருக்கலாம்.

மறுநாள் தெற்கே திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது. பாயை இறக்கிவிட்டுக் கரையோரமாகக் கம்பால் தள்ளிக்கொண்டு போனோம். வெயிலில் களப்பு ஈயத்தட்டுப்போலக் கிடந்தது. அலுப்புத் தட்டத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா முதல் நாளிலிருந்தே ஒரே மெத்தையில்தான் இருந்தாள். இறங்கி ஏறும்போது அதைக் கையோடு கொண்டு போனாள். இருக்கும்போது ஒரு கை எப்போதும் அதன் அடியில் இருந்தது.

சித்தப்பாவும் கவனித்திருக்கிறார். கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே, "என்ன மகள், அடை கிடக்கிறியா? குஞ்சு பொரிச்சால் சித்தப்பாவுக்கும் ஒண்டு தா" என்றார்.

அக்கா எழுந்து, மெத்தையைத் தூக்கி மடியில் வைத்து, உறையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே இருந்த கயிறுகளை வெளியே இழுத்தாள்.

"சித்தப்பா, மற்றச் சட்டையளில கயிறு முழுசாக் கிடக்கு. இதில மட்டும் வெட்டியிருக்கு. ஆர் வெட்டினது?"

"நான்தான். வலையில சிக்கிச்சு. வலைய வெட்டேலுமா?"

"வலையில சிக்கினதெண்டா சும்மா ஒரு கயிறு சிக்கும். இதில ரெண்டு பக்கமும் விலாவோட வச்சு வெட்டியிருக்கு. முன்னால முடிச்சு அப்படியே இருக்கு." முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "இந்த முடிச்சைப் போட்ட ஆள் எங்க?"

கம்பு சேற்றில் நின்றுவிட்டது. வள்ளம் மெல்ல அதைச் சுற்றித் திரும்பியது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் முடிச்சைப் பார்த்தேன். அத்தான் எங்கள் முற்றத்தில் பழக்கிய அதே முடிச்சு. ஆனால் கப்பலில் எல்லாருக்கும் அந்த ஒரே முடிச்சைத்தான் பழக்குவார்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

சித்தப்பா கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்களைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தலவிலையில. கோயிலுக்கு வடக்கால."

அதற்குப் பிறகு எத்தாளையில் இறங்கவில்லை. நான் போட்ட திட்டமெல்லாம் அங்கேயே முடிந்தது. சித்தப்பா மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். அலை ஒதுக்கிய ஓர் ஆளின் உடல். சித்தப்பா தனியாகத்தான் கண்டிருக்கிறார். பொலிசுக்குச் சொன்னால் விசாரணை என்று வள்ளத்தையும் வலையையும் மறித்து வைப்பார்கள், திருநாள் காலத்தில் கரையையே மூடிவிடுவார்கள். அதனால் எங்கள் கரையில் எல்லாரும் செய்கிறபடி, அலை ஏறாத மேட்டில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார். சட்டை நல்ல தக்கை. கழற்ற முடியாமல் கயிறு இறுகி இருந்தது. வெட்டி எடுத்திருக்கிறார்.

சட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டேன். தனக்கு இங்கிலீசு தெரியுமா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். வழக்கம்போலச் சுரண்டினாராம். நான் சட்டையை வெயிலில் பிடித்து, சரித்து, நிழலில் பிடித்து, எல்லாக் கோணத்திலும் பார்த்தேன். ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. எங்கள் கரை முழுவதும் எத்தனை கொட்டில்களில் அந்தக் கறக் கறக் கேட்டிருக்கும், எந்த எந்தப் பெயர்கள் அந்தத் துகளோடு மணலில் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே சட்டையை அக்காவின் மடியில் திருப்பி வைத்தேன்.

களப்புக் கரையில் இறங்கி, தென்னந்தோட்டங்களுக்கும் முட்பற்றைகளுக்கும் ஊடாக மணலில் நடந்து மறுபக்கக் கடலுக்கு வந்தோம். திருநாள் சனம் நிரம்பி வழிந்தது. ஓலைக் கொட்டில்கள், மெழுகுதிரிக் கடைகள், நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள், அழுகிற பிள்ளைகள். தலவிலைக்கு வருகிறவர் யாரானாலும் முதலில் கோயிலுக்குள் போய் அன்னம்மாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற அலுவல் பார்ப்பார்கள். அக்கா கோயில் வாசலைக் கடந்து நேரே நடந்தாள். தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

வடக்கே, சனத்தின் சத்தம் அலைச் சத்தத்துக்குள் அமுங்கிப்போகிற இடத்தில் ஒரு தாழம் பற்றை. அதன் அடியில் ஒதுங்கிய பலகைத் துண்டுகள் இரண்டைக் குறுக்காகக் கட்டிய ஒரு சிலுவை. காற்று மணலை இழுத்து வந்து அதன் கால்பாகத்தை மூடியிருந்தது.

அக்கா சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மிகவும் நிதானமாகக் கேட்டாள்.

"ஆரெண்டு தெரியாத ஆளுக்கு ஏன் சிலுவை நட்டனீங்கள்?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கழுத்தில உத்தரியம் கிடந்துது மகள். எங்கட சமயம் எண்டு கண்டன். அதோடயே வச்சிட்டன்."

"என்ன நூல்?"

"தெரியாது. எல்லாம் கறுத்துப் போய்க் கிடந்துது. நான் நூலைப் பார்க்கேல்ல. முகத்தையும் பார்க்கேல்ல. பார்க்கக்கூடியதா இருக்கேல்ல." தலையை நிமிர்த்தி, "தோண்டிப் பார்க்கட்டா?" என்றார்.

அலை வந்து வந்து போனது. அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றாள். நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். அவள் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரு விருப்பமும் இல்லை. அவள் எதைச் சொன்னாலும் அது பயங்கரமாகவே இருக்கும் என்று மட்டும் தெரிந்தது.

"வேண்டாம்," என்றாள்.

அன்று பின்னேரப் பூசை முடிந்ததும் அவளே போய்க் கோயில் சுவாமியாரைக் கூட்டிவந்தாள். சித்தப்பா தடுத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். சுவாமியார் வயதானவர், எதையும் கிண்டிக் கேட்கவில்லை. இந்தக் கரையில் அவர் கேட்காமல் விட்டவை நிறைய இருந்திருக்கும். தீர்த்தம் தெளித்து, புத்தகத்தைத் திறந்து, இறந்தவரின் பெயரை என்ன என்று சொல்வது என்று கேட்டார். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

"பேர் சொல்ல வேண்டாம் சுவாமி," என்றாள். "பேரைச் சொன்னால் அவர் வரமாட்டார்."

சுவாமியார் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த சொல்லுக்குப் போனார். அது முடிந்த பிறகுதான் அக்கா கோயிலுக்குப் போனாள். அத்தான் வரவேண்டும் என்று நேர்ந்திருந்த மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, முழங்காலில் நின்றாள்.

திரும்பும் வழியில் மெத்தைகளில் யாரும் இருக்கவில்லை. வெறும் பலகையிலேயே வந்தோம். சித்தப்பா மற்றச் சட்டைகளைக் களப்பின் நடுவில் ஒவ்வொன்றாகப் போட்டார். தக்கை தாழுமா? அவை எங்கள் பின்னாலேயே மிதந்து வந்துகொண்டிருந்தன, ஒரு வளைவு திரும்பும்வரை. கயிறு வெட்டிய சட்டையை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. அது அவள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

இப்போது போர் இல்லை. கப்பலுக்குப் போனவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். சிலாபத்துக்கு ஒருவர் வந்தார், எங்கள் தெருவுக்கே ஒருவர் வந்தார். யார் வந்தாலும் அக்கா போய்க் கேட்பாள். அத்தானின் கப்பலைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. கம்பனியில் கேட்டால், போனது தெரியும், போய்ச் சேரவில்லை என்பது தெரியும், இடையில் எந்தக் கடலில் என்ன நடந்தது என்பது தங்களுக்கும் தெரியாது என்கிறார்கள். வரக்கூடியவர்கள் அநேகமாக வந்துவிட்டார்கள். தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் அக்கா முன்னரெல்லாம் எழுந்து வாசலுக்கு வருவாள். இப்போது கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் கொழும்பிலிருந்து திரும்பி வந்த அன்று, அந்த நண்பனின் சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றிச் சாப்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் ஒருநாள் நிச்சயம் போவேன் என்றேன். அந்த ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்றும் நினைக்கவில்லை. அக்கா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, இந்தமுறை திருநாளுக்கு நேரேயே போவோம், சுற்ற வேண்டாம் என்றாள். சித்தப்பாவும் அங்கே இருந்தார்.

"வரேக்க மண்வெட்டி கொண்டு வாங்கோ," என்று அவரிடம் சொன்னாள்.

அவர் கையிலெடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "மகள், துணியெல்லாம் இதுக்குள்ள உக்கியிருக்கும்."

"துணி உக்கும். அது பட்டு நூல். கொஞ்சமாவது கிடக்கும்."

யாரும் மறுக்கவில்லை. நான் சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டேன். தேசிக்காய், இஞ்சி, காய்ந்த பாண், குடங்கள், இடையில் வைக்கக் கந்தல் துணி. நண்பனுக்குச் சொல்லாமல் விட்ட அந்த முதலாவது விஷயத்தையும் இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். சட்டையைப் போட்டுப் பார், மனைவியையும் போடச் சொல், அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் பாடமாக்கி வை என்று.

சித்தப்பா மண்வெட்டியை வள்ளத்தின் அடியில், பாய்க்குக் கீழே மறைத்து வைத்திருந்தார். அக்கா அதை வெளியே எடுத்து, தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில், எல்லாரும் காணக்கூடியதாகச் சாய்த்து வைத்தாள். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த நூல்கட்டையைத் தேடி எடுத்திருக்கிறாள். கொஞ்ச நூல்தான் மிச்சம். பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும் என்கிறாள். பார்த்த பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. காற்று இரண்டு நாளாகத் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கிறது.